ஆன்-ரோடு விலை: எது சட்டம், எது பேரம்

ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டிலும் அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட்டே ஆகவேண்டும். 2011-இல் வந்த எடையளவுச் சட்ட விதிகள் அப்படிச் சொல்கின்றன. கார் பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருள் இல்லை என்பதால் அந்த விதி அதைத் தொடுவதில்லை. பத்து லட்ச ரூபாய் வண்டி ஷோரூமில் விலைச்சீட்டு இல்லாமலே நிற்கிறது. நிறுவனத்தின் இணையதளத்தில் எக்ஸ்-ஷோரூம் விலை இருக்கும். ஆனால் வாங்குபவர் கையிலிருந்து போகும் பணம் அதுவல்ல. அந்தத் தொகை, விற்பனைப் பிரதிநிதி எதிரில் உட்கார்ந்து நிரப்பித் தரும் கொட்டேஷன் தாளில்தான் உருவாகிறது. ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே மாதத்தில் ஒரே மாடல் வந்து நின்றாலும், இரண்டு பேரும் கொடுத்த பணம் வேறுவேறாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் பேச்சுத் திறமையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். மாமா கூட வந்தார், பேசிக் குறைத்தார். நீ தனியாகப் போய் ஏமாந்துவிட்டாய் என்கிறோம். நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்கு வீட்டுக்கு அடுத்தபடியான பெரிய செலவு கார். அதில் நியாயமான விலை கிடைப்பது வாய்ச்சாமர்த்தியத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. ஆன்-ரோடு விலை என்ற ஒற்றை எண்ணைப் பிரித்துப் பார்த்தால், அதில் பாதிக்கு மேல் யார் பேசினாலும் அசையாதது என்பதும், அசையக்கூடிய பகுதி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

அசையாதவற்றை முதலில் பார்க்கலாம். எக்ஸ்-ஷோரூம் விலைக்குள் நிறுவனத்தின் விலை, டீலரின் லாபப் பங்கு, ஜிஎஸ்டி மூன்றும் அடக்கம். 2017 ஜூலை 1 முதல் கார்களுக்கு 28 விழுக்காடு ஜிஎஸ்டியும், வண்டியின் நீளத்தையும் இன்ஜின் அளவையும் பொறுத்து அதன்மேல் 22 விழுக்காடு வரை செஸ்ஸும் இருந்தன. 2025 செப்டம்பர் 22-இல் இது மாறியது. நான்கு மீட்டர் நீளத்துக்கு மிகாமல், பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இன்ஜின் உள்ள வண்டிகளுக்கு 18 விழுக்காடு, அவற்றுக்கு மேற்பட்டவற்றுக்கு 40, செஸ் போய்விட்டது. மின்சாரக் கார்களுக்கு முன்போலவே 5.

அடுத்தது மாநில அரசின் வாழ்நாள் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 5 லட்சம் வரையிலான காருக்கு 12 விழுக்காடு, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஜிஎஸ்டி சேர்ந்த விலையின்மேல் இதைப் போடுவதால் வரிக்கும் வரி கட்டுகிறோம். ஒன்றிய அரசு ஜிஎஸ்டியைக் குறைத்தபோது வாழ்நாள் வரியும் தானாகக் குறைந்தது இதனால்தான்.

இந்தப் படிக்கட்டில் 10 லட்சம் என்ற படியில் கால் வைக்கும் முன் நிதானிக்க வேண்டும். எக்ஸ்-ஷோரூம் 9,95,000 ரூபாய் என்றால் வாழ்நாள் வரி 1,29,350. விலை 10,05,000 என்றால் வரி 1,80,900. போதாததற்கு, 10 லட்சத்தைத் தாண்டும் வண்டிக்கு 1 விழுக்காடு டிசிஎஸ் என்ற வருமான வரிப் பிடித்தம் 2016 ஜூன் முதல் உண்டு. இங்கே அது 10,050 ரூபாய். பத்தாயிரம் ரூபாய் மட்டுமே கூடுதலான வேரியன்ட், காப்பீட்டைச் சேர்க்காமலே 71,600 ரூபாயைக் கூடுதலாகக் கேட்கிறது. டிசிஎஸ் தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். இதைச் சொல்லாத ஷோரூம்கள் நிறைய இருக்கின்றன. தெரியாமல் விட்டுவிடும் வாங்குபவர்களும் நிறைய இருக்கிறார்கள். சன்ரூஃபுக்காக அடுத்த வேரியன்டுக்குத் தாவச் சொல்லும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது, ஒரு மணி நேரப் பேரத்தைவிடப் பெரிய தொகையை மிச்சப்படுத்தும்.

பதிவுச் செலவு சிறியது. ஒன்றிய அரசின் விதிப்படி சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவுக் கட்டணம் 600 ரூபாய். கடனில் வாங்கினால் அதைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற 1,500. ஸ்மார்ட் கார்டு போன்ற சில்லறைகள் தனி. கொட்டேஷனில் ‘ஆர்டிஓ செலவு’ என்று ஒரே வரியில் பெரிய தொகை இருந்தால், வாழ்நாள் வரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, மிச்சம் யாருக்கு என்று பிரித்துக் கேட்க வேண்டும். அரசுக்குப் போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு. ரசீது இல்லாத ரூபாய் அரசுக்குப் போகவில்லை.

பேரத்தின் உண்மையான களம் காப்பீட்டில் தொடங்குகிறது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கின் விளைவாக, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயமானது. காப்பீடு இல்லாத வண்டி மோதி இறந்தவரின் குடும்பம் நட்டஈடின்றி நிற்பதைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு அது. அதன் பிரீமியத்தை அரசே அறிவிக்கிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, மூன்று ஆண்டுக்கு 1,000 சிசி வரை 6,521 ரூபாய், 1,500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596, ஜிஎஸ்டி தனி. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் இந்தப் பகுதி ஒன்றுதான்.

மாறுவது சொந்தச் சேதத்துக்கான பிரீமியம். புதிய வண்டியின் காப்பீட்டு மதிப்பு பொதுவாக எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 விழுக்காடு. அதே மதிப்பு, தேய்மானம் கழிக்காத அதே ‘ஜீரோ டெப்’, அதே இன்ஜின் பாதுகாப்பு என்று வைத்துக்கொண்டு வெளியே விசாரித்தால், ஷோரூம் தாளில் இருப்பதைவிடப் பல ஆயிரம் குறைவாக வருவது வழக்கம். காரணம் எளிது. காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து டீலருக்குக் கமிஷன் வருகிறது. வண்டியில் குறைந்த லாபத்தை இங்கே ஈடுகட்டிக்கொள்கிறார். அவர் மூலமாகத்தான் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-இல் வகுத்த நெறிமுறை. ‘வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது’ என்று பயமுறுத்துவார்கள். கேஷ்லெஸ், காப்பீட்டு நிறுவனத்துக்கும் பழுதுபார்க்கும் பட்டறைக்கும் உள்ள ஒப்பந்தம்; பாலிசியை யார் விற்றார் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. தனிநபர் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே வேறு வண்டியின் பேரில் இருந்தால் இன்னொரு முறை கட்டவும் வேண்டாம்.

அதே நேரம், காப்பீட்டை எங்களிடம் எடுத்தால் இவ்வளவு தள்ளுபடி என்று டீலர் வெளிப்படையாகச் சொன்னால் அதில் தவறு காண மாட்டேன். இரண்டையும் கூட்டிப் பார்த்து லாபம் என்றால் எடுத்துக்கொள்ளலாம். கூட்டிப் பார்க்க முடியாதபடி மறைப்பதுதான் குறை.

ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், டிப்போ கட்டணம் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் வசூல் ஒன்றும் கொட்டேஷனில் உண்டு. வண்டியைக் கிடங்கிலிருந்து கொண்டுவந்து துடைத்துக் கொடுப்பது விற்பவரின் வேலை. அதற்கான பங்கு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. கேரளம், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களின் போக்குவரத்துத் துறைகள் இந்த வசூலுக்கு எதிராக டீலர்களை எச்சரித்ததுண்டு. பேர் எதுவானாலும் இதை அடித்துத் தரச் சொல்லலாம். பெரும்பாலான ஷோரூம்கள் இரண்டாம் முறை கேட்கும்போதே அடித்துவிடுகின்றன; முதல் முறை கேட்காதவர்தான் கட்டுகிறார்.

அக்சஸரி கிட், டெஃப்லான் பூச்சு, அடிப்பகுதிப் பூச்சு ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேட், மட்ஃபிளாப், சீட் கவர் எல்லாம் வெளிக்கடையில் மலிவு. நீட்டிப்பு வாரன்டி வேறு விஷயம்: நிறுவனமே தருவது என்றால், பல ஆண்டு வைத்திருக்கப்போகிறவருக்குப் பயனுள்ளது. ஆனால் அதை முதல் நாளே வாங்க வேண்டிய அவசரம் பெரும்பாலும் இல்லை.

இப்போது தள்ளுபடிக்கு வருவோம். எங்கிருந்து வருகிறது அது? டீலரின் லாபப் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது. ஒற்றை இலக்க விழுக்காடுதான் கிடைக்கிறது என்று வாகன விற்பனையாளர் சங்கங்களின் கூட்டமைப்பு பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறது. அதற்குள்ளிருந்துதான் கட்டட வாடகை, ஊழியர் சம்பளம், கடன் வட்டி எல்லாம் போகவேண்டும். ஆகவே பெரிய தள்ளுபடிகள் டீலரின் பையிலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு மாதமும் நிறுவனம் அனுப்பும் சலுகைச் சுற்றறிக்கையிலிருந்து வருகின்றன: இந்த மாடலுக்கு ரொக்கத் தள்ளுபடி இவ்வளவு, பழைய வண்டி மாற்றினால் இவ்வளவு, கார்ப்பரேட் ஊழியருக்கு இவ்வளவு. இவை வாங்குபவருக்கு உரியவை. பேசிப் பெறவேண்டியவை அல்ல. சுற்றறிக்கையில் உள்ளதைத் தன் கருணைபோலக் காட்டிப் பாதியை மட்டும் கொடுப்பதும் நடக்கிறது. இந்த மாதத் திட்டம் என்ன என்று நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

அதற்கு மேல் டீலர் எப்போது தன் கையிலிருந்து இறங்குவார்? நிறுவனங்கள் மாதந்தோறும் அறிவிக்கும் ‘விற்பனை’ எண்ணிக்கை, ஆலையிலிருந்து டீலருக்கு அனுப்பியதன் கணக்கு. அனுப்பியதும் அது டீலரின் சுமை. கிடங்கில் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் வங்கி வட்டி ஓடுகிறது. 2024 செப்டம்பரில் நாடு முழுக்க டீலர்களிடம் தேங்கிய கார்கள் 80 முதல் 85 நாள் விற்பனைக்கு இருந்தன. மதிப்பு 79,000 கோடி ரூபாய் என்று கூட்டமைப்பு சொன்னது. 21 நாள் இருப்பு போதும் என்று அதே அமைப்பு கேட்டுவந்தது. அந்த மாதங்களில் வாங்கியவருக்குக் கிடைத்த விலை அவருடைய பேச்சுத் திறமையால் வந்ததல்ல. மாறாக, காத்திருப்புப் பட்டியல் நீளமான புது மாடலுக்கு எந்த மாமா வந்து பேசினாலும் ஒரு ரூபாய் குறையாது. மாதக் கடைசியில் இன்னும் சில வண்டிகள் விற்றால் இலக்கு எட்டி ஊக்கத்தொகை வரும் என்ற நிலையில் இருக்கும் டீலர், நட்டத்துக்கும் விற்பார்.

நம் ஊரில் இதில் நாள்காட்டிக்கும் பங்கு உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் வண்டி எடுக்க மாட்டோம். ஆயுத பூஜைக்கும் தைக்கும் கூட்டம் அலைமோதும். மார்கழியின் முதல் பாதி ஆங்கில ஆண்டின் கடைசி இரு வாரங்களோடு ஒன்றாக வருகிறது. ஆண்டு மாறினால் வண்டி ‘பழைய வருஷத்து மாடல்’ ஆகிவிடும் என்பதால், டீலர்கள் இருப்பைத் தீர்க்கத் துடிக்கும் நாட்கள் அவை. ஜனவரியில் விலை ஏற்றுவதும் நிறுவனங்களின் வழக்கம். நம்பிக்கையை விட்டுவிடுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். நம்பிக்கை இல்லாதவர் ஊரோடு சேர்ந்து தைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன். டிசம்பரில் வாங்கினால் மறுவிற்பனையில் ஓர் ஆண்டு குறையும் என்பதும் உண்மை. நீண்ட காலம் ஓட்டப்போகிறவருக்கு அது பொருட்டில்லை. மூன்று ஆண்டில் மாற்றுகிறவர் தள்ளுபடியோடு அந்த நட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எப்போது வாங்கினாலும் சேஸி எண்ணைக் கேட்டு, தயாரான மாதத்தைத் தெரிந்துகொண்ட பிறகே பேச வேண்டும்.

ஒரே நிறுவனத்தின் இரண்டு டீலர்களிடம் கேட்டு, போட்டி வைத்துக் குறைப்பது எல்லோரும் சொல்லும் யோசனை. அந்தப் போட்டியே இல்லாமல் செய்யப்பட்டிருந்தால்? இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்ட் 23-இல் மாருதி சுசூகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்த ஆணை இந்தக் கேள்வியைத்தான் ஆராய்கிறது. நிறுவனம் அனுமதித்ததற்கு மேல் தள்ளுபடி தரும் டீலருக்குத் தண்டம் விதிக்கும் கொள்கை இருந்தது என்று ஆணையம் கண்டது. வாங்குபவர்போல நடித்துப் பேசி, ஒலியும் ஒளியும் பதிவுசெய்து கொண்டுபோக ஏஜென்சிகள் அமர்த்தப்பட்டிருந்தன. மாட்டிக்கொண்ட டீலருக்கு மட்டுமின்றி விற்பனைப் பிரதிநிதி, ஷோரூம் மேலாளர் என ஆட்களுக்கும் தண்டத் தொகை உண்டு. விசாரணைக்கு வித்திட்டது ஒரு டீலர் பெயர் சொல்லாமல் அனுப்பிய மின்னஞ்சல். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. அபராதத்தில் பத்தில் ஒரு பங்கைக் கட்டச் சொல்லி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையை நிறுத்திவைத்தது. அதற்கு முன் 2017-இல் ஹூண்டாய்க்கு இதே வகைக் குற்றச்சாட்டில் விதித்த 87 கோடி அபராதத்தை அடுத்த ஆண்டே தீர்ப்பாயம் ரத்துசெய்தது. சட்டப்படி முடிவு எப்படிப் போனாலும், ஆணை காட்டிய ஒரு காட்சி முக்கியம்: ‘இதுக்கு மேல குறைச்சா என் சம்பளத்துல பிடிச்சுடுவாங்க சார்’ என்று எதிரில் இருக்கும் பிள்ளை சொல்லும்போது அது நிஜமாகவே இருக்கலாம். சொற்பச் சம்பளத்துக்கும் ஊக்கத்தொகைக்கும் வேலை செய்யும் அவரைக் கடிந்து வாங்கும் ரூபாய் நியாய விலையின் பகுதி ஆகாது. கேட்க வேண்டிய இடம் அவருக்கு மேலே இருக்கிறது.

கடனில் வாங்குபவர் வேறொரு கண்ணியையும் கவனிக்க வேண்டும். ‘மாசம் எவ்வளவு கட்ட முடியும்?’ என்ற கேள்விக்குப் பதில் சொன்ன உடனே மொத்த விலை பேச்சிலிருந்து மறைந்துவிடுகிறது. 6 லட்சம் கடன், 7 விழுக்காடு ஃபிளாட் வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை 13,500 ரூபாய். கேட்க மலிவு. குறையும் நிலுவையின்மேல் கணக்கிட்டால் அது ஏறத்தாழ பன்னிரண்டரை விழுக்காடு வட்டி. சொந்த வங்கியில் கடன் ஒப்புதலை வாங்கி வைத்துக்கொண்டு ஷோரூமுக்குள் போகிறவரிடம் இந்தக் கணக்கு பலிப்பதில்லை. பழைய வண்டியும் அப்படியே. அதன் மதிப்பைக் குறைத்துவிட்டு, குறைத்ததையே புது வண்டிக்குத் தள்ளுபடியாகக் காட்டலாம். இரண்டு வியாபாரத்தையும் தனித்தனியே முடிக்க வேண்டும்.

பேரம் யாரைத் தண்டிக்கிறது என்பதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்தார்கள். சட்டப் பேராசிரியர் இயன் ஐரஸ், சிகாகோ வட்டார டீலர்களிடம் ஒரே மாதிரி உடுத்தி, ஒரே வசனத்தைப் பேசும்படி பயிற்றுவித்தவர்களை அனுப்பினார். முடிவு 1991-இல் வெளியானது. 1995-இல் பீட்டர் சீகல்மனுடன் சேர்ந்து வெளியிட்ட விரிவான ஆய்வும் அதை உறுதிசெய்தது. வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன விலையே குறைவு. பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் கூடுதல். பேச்சு ஒன்றுதான், ஆள்தான் வேறு. அந்த நாட்டில் 1958-இலிருந்தே, செனட்டர் மன்ரோனி கொண்டுவந்த சட்டப்படி ஒவ்வொரு புதுக் காரின் ஜன்னலிலும் பரிந்துரை விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது. அப்படியிருந்தும் இந்த நிலை. பின்னர் ஸ்காட் மார்ட்டன், செட்டல்மேயர், சில்வா-ரிசோ மூவரும் ஆராய்ந்தபோது, கறுப்பின, ஹிஸ்பானிக் வாங்குபவர்கள் ஷோரூமில் 2 விழுக்காடு அளவுக்குக் கூடுதலாகக் கொடுப்பதும், இணையச் சேவை வழியே விலை கேட்டு வாங்கியவர்களிடம் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடுவதும் தெரிந்தது. நம் ஷோரூம்களில் தனியாக வரும் பெண்ணிடம் ‘சார் வரலையா?’ என்று கேட்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவுகள் தூரத்துச் செய்தி இல்லை. ஆள் தெரியாதபோது விலை நேர்மையாகிறது. ஆகவே முதல் விலையை நேரில் போய்க் கேட்கவே கூடாது என்பேன். ஒரே வேரியன்ட், ஒரே நிறம், ஒரே தேதி என்று குறிப்பிட்டு, பக்கத்து மாவட்ட ஷோரூம் ஒன்றையும் சேர்த்து, மூன்று இடங்களில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஒரு நகரத்தின் இரண்டு ஷோரூம்கள் ஒரே முதலாளியுடையவையாக இருக்கக்கூடும் என்பதால் அந்த வெளியூர்த் தாள் அவசியம். வாரன்டி நிறுவனத்தினுடையது, எந்த ஊரிலும் செல்லும்.

பேரமே வேண்டாம், ஒரே விலை என்பது தீர்வாகுமா? ஜெனரல் மோட்டார்ஸின் சாட்டர்ன் 1990-இல் அப்படி விற்கத் தொடங்கி மக்கள் அன்பைப் பெற்றது. அந்தப் பிராண்டே 2010-இல் மூடப்பட்டது, வேறு காரணங்களால். இந்தியாவில் மெர்சிடிஸ்-பென்ஸ் 2021 அக்டோபர் முதல் வண்டிகளைத் தன் பெயரிலேயே வைத்து, நாடெங்கும் ஒரே விலையில் விற்கிறது. டீலர் கமிஷன் பெறும் முகவர் மட்டுமே. இதில் ஆளுக்கொரு விலை ஒழிகிறது. அந்த ஒரே விலை நியாயமானதா என்பது நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. டீலர்களுக்கிடையே போட்டி என்ற கடிவாளமும் போய்விடுகிறது. எனக்கு இது பாதித் தீர்வாகவே படுகிறது.

முழுத் தீர்வுக்குப் புதுச் சட்டம்கூடத் தேவைப்படாது. எக்ஸ்-ஷோரூம், அந்த மாத நிறுவனச் சலுகை, வாழ்நாள் வரி, பதிவுக் கட்டணம், காப்பீட்டின் இரு பகுதிகள், விருப்பப் பொருட்கள் என்று ஒவ்வொன்றும் தனி வரியில், எவை கட்டாயம் இல்லை என்ற குறிப்போடு, தமிழில் அச்சிட்ட ஒரே மாதிரித் தாளை எல்லா ஷோரூம்களும் முன்பணம் வாங்குமுன் தரவேண்டும். ஒப்புக்கொண்டதற்கு மாறாக வசூலித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையமும் இருக்கின்றன. ஆனால் கையில் தாள் இல்லாதவரின் புகார் அங்கே நிற்பதில்லை. பதிவு செய்யாத வண்டிகளை வைத்து வியாபாரம் செய்ய டீலருக்கு வர்த்தகச் சான்று வேண்டும். அதைத் தருவதும் புதுப்பிப்பதும் மாநிலப் போக்குவரத்துத் துறை. இந்தத் தாளை அந்தச் சான்றின் நிபந்தனையாக்கும் வழியைத் துறை ஆணையர் இப்போதே ஆராயலாம்.